மூட்டுத் தேய்வும் கீல்வாதமும்: காரணங்களும் தடுக்கும் வழிகளும்

நிலம், மாடு, விதை, முதல் ஆகிய நான்கும் குறைவற இருந்தபோதிலும், குனியவும் நிமிரவும் நடக்கவும் சுமக்கவும் தேகம் இடங்கொடாவிடில் விவசாயிக்கு அவற்றால் விளையும் பயன் சொற்பமே. உழவு மாடு ஒரு காலை ஊன்றத் தயங்கினால் அன்றைக்கே மாட்டு வைத்தியரைத் தேடிச் செல்லும் குடியானவர், தம் முழங்கால் நோகத் தொடங்கினால், ‘வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்’ என்று சொல்லி ஆண்டுக் கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்.

இவ்வாறு பொறுத்துக்கொள்வதால் உண்டாகும் நஷ்டங்கள் மூன்று. முதலாவது, வேலை நாட்கள் வீணாகின்றன. இரண்டாவது, வலி தாங்காதபோது பெயர் தெரியாத மாத்திரைகளை வாங்கி உண்பதால் பணமும் தேகமும் ஒருங்கே கெடுகின்றன. மூன்றாவது, தக்க காலத்தில் சிகிச்சை செய்தால் அடங்கக்கூடிய சில வியாதிகள், காலம் தவறியதால் கை கால்களை நிரந்தரமாகக் கோணச் செய்துவிடுகின்றன. இம்மூன்றில் கடைசி நஷ்டமே மிகக் கொடியது. ஏனெனில் அதை எவ்வளவு பணம் கொடுத்தும் முழுதும் மீட்க இயலாது.

இந்நோய் ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ மாத்திரம் உரியதன்று. 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேர் மூட்டுத் தேய்வு நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 100-க்கு 60 பேர் பெண்கள். உடலின் எல்லா மூட்டுகளிலும் அதிகமாகப் பாதிக்கப்படுவது முழங்காலே.

நெய்வேலிப் பிரதேசத்தின் உழைப்பு

கடலூர் ஜில்லாவிலுள்ள நெய்வேலி, 1993-க்கு முன் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் வெளிப்பட்ட கறுப்புப் பொருளே, அங்கே பழுப்பு நிலக்கரி புதைந்திருப்பதை அறிவித்தது. 1956-இல் அரசாங்க நிறுவனம் ஏற்பட்டு, 1957-இல் சுரங்க வேலை தொடங்கி, 1961-இல் நிலக்கரி வெளிவந்தது. இங்குள்ள சுரங்கங்கள் திறந்தவெளிச் சுரங்கங்களாகும். மேல் மண்ணை முழுதும் அகற்றிவிட்டு, பெருஞ்சக்கரத்தில் வாளிகள் கோத்த யந்திரங்களால் நிலக்கரியை வெட்டி, ஓடும் பட்டைகளின் வழியே மின் நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். ஆதலால், தவழ்ந்து சென்று கையால் வெட்டும் பழைய நாட்டுச் சுரங்கத் தொழிலின் கஷ்டம் இங்கே இல்லை. எனினும் மண் அள்ளும் யந்திரங்களையும் பார வண்டிகளையும் ஓட்டுவோர், பல மணி நேரம் ஒரே ஆசனத்தில் அதிர்ச்சியைத் தாங்கி அமர்கின்றனர். பட்டைகளைப் பராமரிப்போர் படிகளில் ஏறி இறங்கி, குனிந்தும் மண்டியிட்டும் பணி செய்கின்றனர்.

சுரங்கத்தையும் நகரியத்தையும் சுற்றியுள்ள கிராமங்களில் உழைப்பு வேறு விதமானது. நெல் வயலில் நாற்று நடுவோர் நாள் முழுதும் இடுப்பை வளைத்து நிற்கின்றனர். மணிலாக்கொட்டை ஆய்வோரும் களை பறிப்போரும் குந்தியபடியே நகர்கின்றனர். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கங்களில் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களும் பருப்பின் தோலுரிக்கும் பெண்களும் மணிக்கணக்கில் தரையிலேயே அமர்கின்றனர். கரும்புக் கட்டையும் நெல் மூட்டையையும் பலாப்பழத்தையும் தலையிலும் தோளிலும் சுமக்கும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவர் சுரங்கத்துக்கும், ஒருவர் வயலுக்கும், ஒருவர் முந்திரிக் கொட்டகைக்கும் செல்வதுண்டு. மூவரும் மாலையில் முழங்காலையோ இடுப்பையோ பிடித்துக்கொண்டு அமர்வதற்குக் காரணம் வெவ்வேறாயினும், காக்கும் வழி பெரும்பாலும் ஒன்றே.

மூட்டின் அமைப்பு

இரண்டு எலும்புகள் சந்திக்குமிடம் மூட்டு எனப்படும். எலும்பு முனைகள் ஒன்றோடொன்று உராயாதபடி அவற்றின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தப்பட்டிருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது முட்டையின் வெண்கருவை ஒத்த வழுக்கு நீரைச் சுரக்கிறது. எலும்புகளை இணைநார்கள் கட்டி நிறுத்துகின்றன. தசைகள் அவற்றை இயக்குவதோடு, சுமையின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கின்றன. முழங்காலில் இவையன்றி, பிறை வடிவான இரண்டு மெத்தைகளும் உள்ளன.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையா. அதற்கு வேண்டிய ஆகாரம் வழுக்கு நீரின் மூலமாகவே வந்து சேருகிறது. கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி நீரை வெளியேற்றுகிறது. காலைத் தூக்கும்போது விரிந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆதலால் அசைவே மூட்டுக்கு ஆகாரம் ஊட்டும் செயலாகும்.

இவ்வுண்மையை அறியாமையால், மூட்டை வண்டி அச்சுக்கு ஒப்பிட்டு, ‘ஓட ஓடத் தேயும், ஆகையால் ஓட்டாமல் வைப்பதே நல்லது’ என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வுவமை பொருந்தாது. அச்சு உயிரற்ற மரம் அல்லது இரும்பு; மூட்டோ உயிருள்ள உறுப்பு. அது அளவான வேலையால் பலப்படுகிறது, வேலையின்மையால் மெலிகிறது, அளவு மீறிய சுமையாலும், நெடு நேரம் மாறாத ஒரே நிலையாலும் கெடுகிறது. தேய்வு நோயில் குருத்தெலும்பு மாத்திரம் கெடுவதில்லை. அதன் அடியிலுள்ள எலும்பு தடித்து விளிம்பில் முளை விடுகிறது, சவ்வு சிறிது அழற்சி கொள்கிறது, தசை மெலிகிறது. மூட்டு முழுவதும் சம்பந்தப்பட்ட வியாதி இதுவென்று இப்போது வைத்தியர்கள் கொள்கின்றனர்.

தேய்வு நோயின் காரணங்கள்

வயதும், குடும்ப வழியும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின் உண்டாகும் மாறுதல்களும் மனிதர் வசத்தில் இல்லாதவை. ஆனால் கீழ்க்கண்ட நான்கு காரணங்களும் பெருமளவு மனிதர் வசத்தில் உள்ளவை.

முதலாவது, தேக எடை. சமதரையில் நடக்கும்போதே முழங்காலின் மேல் தேக எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு சுமை விழுகிறது. படி ஏறும்போது அது இன்னும் மிகும். முழங்கால் தேய்வுள்ள பருத்த சரீரிகளைக் கொண்டு அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2005-இல் வெளியாயிற்று. எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்பது அம்முடிவு. சங்கக் கணக்கு எழுதுவோர் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 5,000 அடி நடப்பவர் ஒவ்வொரு காலாலும் 2,500 அடி வைக்கிறார். அவர் 5 கிலோ இளைத்தால் அடிக்கு 20 கிலோ வீதம் ஒவ்வொரு முழங்காலும் ஒரு நாளில் 50,000 கிலோ, அதாவது 50 டன் சுமையிலிருந்து விடுபடுகிறது. அமெரிக்காவிலுள்ள பிராமிங்காம் என்னும் ஊரில் நெடுங்காலம் நடைபெற்ற ஆராய்ச்சியில், 10 ஆண்டுகளில் சுமார் 5 கிலோ எடை குறைந்த பெண்களுக்கு வலியுடன் கூடிய முழங்கால் தேய்வு உண்டாகும் அபாயம் பாதிக்கு மேல் குறைந்ததென்று 1992-இல் அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது, குந்துதலும் மண்டியிடுதலும் பாரம் தூக்குதலும். இங்கிலாந்தில் கெல்கிரென், லாரன்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் சுரங்கத் தொழிலாளரை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பரிசோதித்து 1952-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இலேசான வேலை செய்வோரைவிடச் சுரங்கத் தொழிலாளருக்கு முழங்காலும் முதுகெலும்பும் அதிகமாகக் கெட்டிருப்பதைக் கண்டனர். அவர்கள் தாழ்ந்த சுரங்க வழிகளில் மண்டியிட்டு வேலை செய்தவர்கள். நிலத்தடிச் சுரங்கங்களில் மொத்தம் 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் குறிப்பிட்ட வேலைகளைச் செய்தோரின் முழங்கால் தேய்வை, தொழிலால் வந்த நோயாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் 2009-இல் ஒப்புக்கொண்டது. வாலிபத்தில் தினமும் 3 மணி நேரத்துக்கு மேல் குந்தியிருந்த முதியோருக்கு முழங்கால் தேய்வு ஏறக்குறைய இரு மடங்காக இருந்ததென்று, சீனத் தலைநகராகிய பெய்ஜிங்கில் நடந்த ஆராய்ச்சியால் 2004-இல் தெரியவந்தது. சுரங்கமாயினும் மணிலாக் கொல்லையாயினும் முழங்காலுக்கு வேற்றுமை இல்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு மடங்கி, எவ்வளவு சுமையுடன் என்பதே கணக்கு.

இதிலிருந்து தரையில் அமர்ந்து உண்பதும் உறங்குவதும் தீதென்று கொள்ளலாகாது. வலியில்லாதவர் சிறிது நேரம் சம்மணமிட்டு அமர்வதால் கேடில்லை. மணிக்கணக்கில் மாறாது குந்தியிருப்பதும், குந்திய நிலையிலிருந்து பாரத்துடன் எழுவதுமே விலக்கத்தக்கவை.

மூன்றாவது, பழைய காயம். வரப்பில் வழுக்கியோ வண்டியிலிருந்து குதித்தோ முழங்கால் பிசகினால், வீக்கம் வடிந்தவுடன் குணமாயிற்றென்று விட்டுவிடுகின்றனர். உள்ளேயுள்ள இணைநாரோ பிறை மெத்தையோ கிழிந்திருந்தால், 10, 15 ஆண்டுகளுக்குப் பின் அம்மூட்டே முதலில் தேய்கிறது. நடக்கையில் முழங்கால் திடீரென மடங்கிக் கொடுத்தாலும், நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலும் எலும்பு வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

நான்காவது, தசையின் பலவீனம். வலிக்குப் பயந்து காலை ஊன்றாதிருப்பதால் தொடையின் முன்புறத் தசை மெலிகிறது. அது மெலிந்தபின் அதிர்ச்சி முழுவதும் மூட்டின்மேல் விழ, வலி மேலும் மிகுகிறது. இச்சுழலை உடைப்பதற்குத் தேகப்பயிற்சியைப் போன்ற நல்ல மருந்து வேறில்லை.

மூட்டு வலியெல்லாம் ஒரே வியாதியன்று

தேய்வு நோயில் வலி, உழைத்தபின் மிகுந்து, இளைப்பாறினால் தணியும். காலையில் எழும்போது உண்டாகும் பிடிப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விலகும். இவ்வடையாளங்களுக்கு மாறானவை வேறு வியாதிகளாகும். அவற்றைப் பிரித்தறிவது மிக முக்கியம்.

முடக்குவாதம் என்பது, தேகத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி மூட்டின் சவ்வைத் தாக்குவதால் உண்டாவது. இது ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. வாலிப வயதிலும் வரும். இரு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கும். காலைப் பிடிப்பு ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேலும் நீடிக்கும். அசதியும் எடைக் குறைவும் சேர்ந்து வரும். தொடங்கிய சில மாதங்களுக்குள் தக்க மருந்து தொடங்கினால் பெரும்பாலோர் விரல் கோணாமல் வேலை செய்து வாழலாம்; ஓரிரு ஆண்டுகள் கடந்தால் கோணிய விரலை மருந்தால் நிமிர்த்த இயலாது. ஆதலால் 6 வாரங்களுக்கு மேல் விரல் மூட்டு வீங்கியிருப்பவர் காலதாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். புகையிலை புகைப்பதும், கல் தூசியைச் சுவாசிப்பதும் இவ்வியாதியின் அபாயத்தை அதிகரிக்கின்றன. வேல்ஸ் நாட்டு நிலக்கரித் தொழிலாளரிடம் தூசியால் வந்த நுரையீரல் நோயும் முடக்குவாதமும் சேர்ந்து வருவதைக் காப்லன் என்னும் வைத்தியர் 1953-இல் எடுத்துக்காட்டினார். கல் உடைப்போரும் மண் தூசியில் வேலை செய்வோரும் நீர் தெளித்துத் தூசியை அடக்குவதும், தக்க முகமூடி அணிவதும் நுரையீரலுக்கு மாத்திரமன்றி மூட்டுக்கும் காப்பாகும்.

யூரிக் அமில வாதம், பெரும்பாலும் நடு இரவில் திடீரெனக் காலின் பெருவிரலில் தொடங்கும். மூட்டு சிவந்து, போர்வை படினும் பொறுக்கவொண்ணாத வலி தரும். ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து மூட்டில் ஊசி போன்ற படிகங்களாக உறைவதே காரணம். மதுபானம், ஈரல் முதலிய உள்ளுறுப்பு மாமிசம், சர்க்கரை மிகுந்த புட்டிப் பானங்கள் ஆகியவை இதை வளர்க்கும்.

கொசுவினால் பரவும் சிக்குன்குன்யாக் காய்ச்சல் 1964-இல் சென்னையிலும், பின்னர் 2006-இல் தமிழகத்தின் பல ஜில்லாக்களிலும் பரவிற்று. காய்ச்சல் சில நாட்களில் நீங்கினும் மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. ஆப்பிரிக்காவில் மக்கோண்டே மக்களின் மொழியில் இதன் பெயருக்கு வளைந்து போதல் என்று பொருள். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவே இதைப் பரப்புகிறது. தொட்டி, குடம், பழைய சக்கரம், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்ப்பதும் மூட்டைக் காக்கும் வேலைகளில் ஒன்றென்று அறிதல் வேண்டும்.

குடிநீரில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்தால் முதுகும் மூட்டுகளும் இறுகிப்போகும். சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாக் கிராமங்களில் இவ்வியாதி 1937-இல் விவரமாக வெளியிடப்பட்டது. தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் இத்தொல்லை மிகுதியாதலால், ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 2013-இல் மக்களுக்கு அளிக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இல்லாதிருத்தல் நலம். வேறு நீர் கிடைக்காத இடத்திலும் 1.5 மில்லிகிராமை மீறலாகாது. புதிய ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ஊரார் அந்நீரைப் பரிசோதித்தபின் குடிக்கத் தொடங்குவது விவேகம்.

காய்ச்சலுடன் ஒரே மூட்டு திடீரென வீங்கிச் சுட்டால், அது சீழ்க்கிருமியால் வந்ததாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சில நாட்கள் தாமதித்தாலும் மூட்டு அழிந்துவிடும்.

மருந்துகளைப் பற்றி எச்சரிக்கை

1948-இல் அமெரிக்காவில் ஹென்ச் என்னும் வைத்தியர், முடக்குவாதத்தால் படுக்கையிலிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்னும் மருந்தைச் செலுத்தியபோது, அவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். அதற்கு மூலமான ஆராய்ச்சிக்காக 1950-இல் ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஆனால் அம்மருந்தை நெடுநாள் தாராளமாகக் கொடுத்தால் எலும்பு மெலிதல், ரத்தத்தில் சர்க்கரை ஏறுதல், கண்புரை, கிருமித் தொற்று, தொடை எலும்பின் தலை அழுகுதல் முதலிய கேடுகள் உண்டாவது விரைவிலேயே வெளியாயிற்று. இன்று வைத்தியர்கள் இவ்வின மருந்துகளைக் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கே உபயோகிக்க முயல்கின்றனர்.

சந்தையிலும் கடையிலும் காகிதத்தில் மடித்துக் கொடுக்கப்படும் பெயரில்லாத மாத்திரைகள் ஒரே வேளையில் வலியைப் போக்கினால், அவற்றில் இவ்வின மருந்து கலந்திருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும். இத்தகைய மருந்தை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அம்மாத்திரையையே கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டி, அவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சாதாரண வலி மாத்திரைகளும் குற்றமற்றவையல்ல. அவற்றைத் தினந்தோறும் உண்டால் குடலில் ரத்தக் கசிவும், ரத்த அழுத்தமும், சிறுநீரகக் கெடுதியும் உண்டாகும். வெயிலில் வியர்த்து உழைத்து நீர் குறைவாகக் குடிப்போருக்கு இவ்வபாயம் மிக அதிகம்.

முடக்குவாதத்துக்கு வைத்தியர்கள் முதலில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரமே உண்ணத்தக்கது. தினமும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் அதை உண்ணலாகாது. இம்மருந்து தொடங்கினோர், குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளத் தவறலாகாது.

தைலம் தேய்த்தலும் வெந்நீர் ஒற்றடமும் தேய்வு நோயின் பிடிப்பைத் தளர்த்திச் சுகம் தரும். அவற்றை விலக்க வேண்டியதில்லை. தேய்ந்த குருத்தெலும்பை அவை வளர்க்கமாட்டா என்பதை மாத்திரம் மனத்திற்கொள்ள வேண்டும். சிவந்து சுடும் மூட்டை அழுத்தித் தேய்த்தல் கூடாது. உருளைக்கிழங்கு, வாழைக்காய் போன்ற பதார்த்தங்களால் மூட்டு தேயும் என்பதற்கு ஆதாரமில்லை.

வீட்டிலும் வயலிலும் கைக்கொள்ள வேண்டியவை

ஒரு வேலை முடியும் வரை ஒரே நிலையில் இராமல், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிமிர்ந்து சிறிது நடக்க வேண்டும். நடவும் களையெடுப்பும் சுமையும் ஒரே நாளில் ஒருவர்க்கே வாராதபடி முறை மாற்றிக்கொள்ளலாம். பாரத்தைத் தூக்கும்போது அதை உடலுக்கு அருகில் அணைத்து, முதுகை முறுக்காமல், இயன்றால் இருவராகத் தூக்க வேண்டும். ஆண் தொழிலாளி ஒருவர் வழக்கமாகத் தூக்கும் பாரம் 55 கிலோவை மீறலாகாதென்று சர்வதேசத் தொழில் நிறுவனம் 1967-இல் சிபாரிசு செய்திருக்க, 75 கிலோ நெல் மூட்டையை ஒரே முதுகில் ஏற்றுவது எவ்வளவு அநியாயம் என்பது சொல்லாமலே விளங்கும். யந்திரமும் வண்டியும் ஓட்டுவோர் ஆசனத்தைத் தம் உயரத்துக்குத் தக்கபடி அமைத்து, இறங்கும்போது குதிக்காமல் படியில் கால் வைத்து இறங்க வேண்டும். முழங்கால் வலியுள்ளோர் மலங்கழிக்க உயர்ந்த பீடத்தையோ துளையிட்ட நாற்காலியையோ உபயோகிப்பது நலம்.

நாள் முழுதும் உழைப்பவருக்குத் தேகப்பயிற்சி எதற்கென்று சிலர் கேட்கக்கூடும். வயல் வேலை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்விக்கிறது. மூட்டைக் காக்கும் தசைகள் அனைத்தையும் அது பலப்படுத்துவதில்லை. ஆதலால் கீழ்க்கண்ட மூன்று பயிற்சிகளைக் காலையும் மாலையும் செய்தல் வேண்டும். நாற்காலியிலோ திண்ணையிலோ அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி 5 எண்ணும் வரை நிறுத்தி இறக்குவது முதலாவது. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, மற்றக் காலை மடக்காமல் ஒரு முழ உயரம் தூக்கி 5 எண்ணும் வரை நிறுத்துவது இரண்டாவது. உயரமான ஆசனத்திலிருந்து கையூன்றாமல் எழுந்து மெதுவாக அமர்வது மூன்றாவது. ஒவ்வொன்றும் 10 முறை. தொடக்கத்தில் சிறிது வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் வரை வலி நீடித்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்கள் விடாது செய்தபின்பே முழுப் பலன் தெரியும்.

ஊடுகதிர்ப் படத்தில் தேய்வு தெரிந்ததென்று மனந்தளர வேண்டியதில்லை. படத்தில் மிகுந்த தேய்வு காட்டியும் வலியின்றி நடப்போரும் உளர். வலி மிகுந்தும் படத்தில் சிறிதே காட்டுவோரும் உளர். மேற்சொன்ன முறைகள் அனைத்தையும் செய்தும் நடக்க முடியாத நிலை வந்தவர்க்கே மூட்டு மாற்று ரண சிகிச்சை உரியது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தனி ஒருவரால் ஆகாதவற்றைப் பலர் கூடிச் செய்வதற்கே கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மூட்டு நோயைத் தடுப்பதிலும் அவ்வாறே.

நின்றபடியே களையெடுக்கும் உருளைக் களைக்கருவி, திருந்திய நெல் சாகுபடி முறையுடன் தமிழகத்தில் பரவியது. இதையும் நடவு யந்திரத்தையும் சங்கம் வாங்கி, அங்கத்தினர்க்கு முறை வைத்துக் குறைந்த வாடகைக்கு அளிக்கலாம். களத்திலும் கிடங்கிலும் மூட்டையைத் தள்ளிச் செல்ல இரு சக்கரத் தள்ளுவண்டிகள் இரண்டு இருந்தால், பல முதுகுகள் பிழைக்கும். சங்கத்தின் மூலம் விற்கும் தானியத்தை 40 அல்லது 50 கிலோ மூட்டைகளாகவே கட்டுவதென்று தீர்மானிக்கச் செலவே இல்லை.

மணிலாக்கொட்டை ஆயும் பெண்களுக்குச் சாண் உயர மணைகளைவிட முழ உயர முக்காலிகள் மேலானவை. முந்திரி உடைக்கும் கொட்டகைகளில் இடுப்பளவு மேசையும், சாய்மானமுள்ள ஆசனமும் அமைத்தால் கால்களை மடக்காமல் வேலை செய்யலாம். ஊர்த் தச்சர் செய்யக்கூடிய இவற்றுக்குச் சங்கம் சிறு கடன் அளிப்பது, வைத்தியத்துக்குக் கடன் அளிப்பதைவிட லாபகரமானது.

கிடங்கில் தானியம் நிறுக்கும் தராசு எல்லாச் சங்கங்களிலும் உண்டு. மாதம் ஒருமுறை அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் அதில் ஏறி நின்று எடையை ஒரு நோட்டில் குறித்துவந்தால், பருமன் ஏறுவதும் காரணமின்றி இளைப்பதும் காலத்திலேயே தெரியவரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசாங்கத் திட்டத்தில், வீடு தேடி வரும் ஊழியர்கள் மூலம் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்கப்படுகிறது. நடக்க இயலாத முதியோர் எவரெவர் என்பதைச் சங்கக் காரியதரிசி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தால் அவ்வுதவி உரியவரைச் சென்றடையும்.

எல்லாவற்றிலும் அவசரமான காரியம் மற்றொன்றுண்டு. காலையில் கை விரல்கள் வீங்கி, சோற்றைப் பிசையவும் குடத்தைப் பிடிக்கவும் முடியாமல் தவிக்கும் இளம்பெண்கள் சில வீடுகளில் இருக்கக்கூடும். வேலைக்குச் சோம்புகிறாள் என்று வீட்டார் அவளை ஏசுவதுமுண்டு. அவளுக்கு முடக்குவாதம் தொடங்கியிருந்தால் ஒவ்வொரு மாதமும் விலைமதிப்பற்றது. அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் கூலியும் வண்டிச் சத்தமுமே ஆகும். அழைத்துச் செல்லாவிடில் போவது ஆயுள் முழுதும் உழைக்க வேண்டிய இரண்டு கைகள். அடுத்த பொதுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இத்தகையோர் தன் எல்லையில் எவரேனும் உளரா என்று விசாரித்து, வழிச்செலவுக்குப் பொதுநல நிதியிலிருந்து சிறு தொகை ஒதுக்குமாயின், அந்த ஆண்டில் அச்சங்கம் கொடுத்த கடன்களில் அதைவிட நிச்சயமாகத் திரும்பி வருவது வேறொன்றுமிராது.